ஐந்தாம் மாதத்தில் மூடிய மதகு

அக்கா மகன் பிறந்தபோது நல்ல சிவப்பு. "கோவைப்பழமாட்ட இருக்கறான் பாரு" என்று அம்மா போவோர் வருவோரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். நாலு மாதம் வரைக்கும் ஒரு குறையும் இல்லை. பால் குடித்தான், தூங்கினான், மாதாமாதம் எடை கூடியது. ஐந்தாம் மாதம் ஒரு நாள், பெருந்துறைப் பக்கம் அக்கா வீட்டுத் திண்ணையில் அவனை மடியில் வைத்துக்கொண்டிருந்தபோது உள்ளங்கையைப் பார்த்தேன். வெளுத்துக் கிடந்தது.

நான் ஈரோட்டில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறேன். அன்றே ரத்தம் எடுத்துப் பார்த்திருக்க வேண்டும். குழந்தைக்கு ஊசி குத்த மனசு வரவில்லை. பால் பத்தவில்லை என்றார்கள், கண் பட்டிருக்கும் என்றார்கள், ஒரு பெரியவரிடம் கொண்டுபோய்ப் பாடம் போட்டார்கள். பக்கத்து ஊர் டாக்டர் இரும்புச்சத்து சொட்டு மருந்து எழுதிக் கொடுத்தார். இரண்டரை மாதம் அது போனது. அக்கா தன் பங்குக்கு முருங்கைக்கீரைச் சாறும் பேரீச்சம்பழமும் தான் தின்று, பாலில் இறங்கும் என்று காத்திருந்தாள். பிள்ளைக்கு வயிறு மட்டும் உப்பிக்கொண்டே வந்தது. பால் குடிக்கும்போது மூச்சு வாங்கியது, நெற்றி வியர்த்தது.

ஏழரை மாதத்தில் ரத்தம் எடுத்தோம். எச்பி, அதாவது ஹீமோகுளோபின் அளவு, வெறும் 5.1. ஸ்லைடைச் சாயம் போட்டு நானேதான் பார்த்தேன். அளவில் சிறுத்த, நிறம் இல்லாத சிவப்பணுக்கள்; நடுவில் புள்ளி வைத்தது போன்ற அணுக்கள்; எலும்பு மஜ்ஜையை விட்டு வெளியே வரவே கூடாத, கரு உள்ள இளம் அணுக்கள். பாடப்புத்தகத்தில் இருந்த படம் அப்படியே கண்ணுக்கு முன்னால் இருந்தது. கோயம்புத்தூருக்கு மாதிரி அனுப்பினோம். ஹீமோகுளோபின் வகைகளைப் பிரித்துக் காட்டும் எச்பிஎல்சி ரிப்போர்ட் மூன்றாம் நாள் வந்தது. பீட்டா தலசீமியா மேஜர் என்ற பிறவி ரத்தசோகை நோய்.

இன்று அவனுக்கு ஒன்பது வயது. மூன்று வாரத்துக்கு ஒருமுறை ரத்தம் ஏற்றிக்கொள்கிறான். இத்தனை வருஷமும் ஒரு கேள்வி என்னை விடவே இல்லை. முதல் நாலு மாதம் அவன் எப்படி அவ்வளவு சிவப்பாக இருந்தான்? பிறக்கும்போதே இருந்த நோய்தானே, ஐந்தாம் மாதம் வரைக்கும் எங்கே ஒளிந்திருந்தது? அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு போனதில்தான் ஒரு புரதத்தின் பெயர் எனக்குத் தெரிய வந்தது. பிசிஎல்11ஏ. இந்தக் கட்டுரை அதைப் பற்றியது.

முதலில் ரத்தத்திலிருந்தே வருகிறேன். சிவப்பணுவுக்குள் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபின் நாலு சங்கிலிகள் சேர்ந்தது. பெரியவர்களிடம் இரண்டு ஆல்ஃபா, இரண்டு பீட்டா. வயிற்றுக்குள் இருக்கும் சிசுவிடம் இரண்டு ஆல்ஃபா, இரண்டு காமா. இதற்குக் கரு ஹீமோகுளோபின் என்று பெயர், ரிப்போர்ட்டில் 'எச்பி எஃப்' என்று வரும். இது ஆக்சிஜனைப் பெரியவர்களின் ஹீமோகுளோபினைவிட இறுக்கமாகப் பிடிக்கும். தாயின் ரத்தத்திலிருந்து பிள்ளை ஆக்சிஜனை வாங்க வேண்டுமே, அதற்குத்தான் இந்த ஏற்பாடு. பிறந்த பிறகு அந்தத் தேவை இல்லை. பிறப்பை ஒட்டிக் காமா குறையத் தொடங்குகிறது, பீட்டா கூடத் தொடங்குகிறது. ஆறு மாதம் ஆகும்போது கிட்டத்தட்ட எல்லாமே பீட்டாவுக்கு மாறிவிடும். உங்களிடமும் என்னிடமும் கரு ஹீமோகுளோபின் பொதுவாக 1 சதவீதத்துக்கும் கீழேதான்.

காமாவுக்கான மரபணு அழிந்துபோவதில்லை. 11ஆம் குரோமோசோமில், பீட்டா மரபணுவுக்குப் பக்கத்திலேயே, சாகிற நாள் வரைக்கும் அப்படியே இருக்கிறது. டிஎன்ஏவில் எழுதிய அதன் எழுத்து ஒன்றுகூடக் கெடாமல் இருக்கிறது. படிக்கப்படுவதில்லை, அவ்வளவுதான்.

எங்கள் ஊர் கீழ்பவானி வாய்க்கால் பாசனம். பவானிசாகரில் தொடங்கி 200 கிலோமீட்டர் ஓடுகிற வாய்க்கால் அது. ஒரு போகம் ஒற்றைப்படை மதகுகளுக்குத் தண்ணீர், அடுத்த போகம் இரட்டைப்படை மதகுகளுக்கு. முறை மாறும்போது லஸ்கர் என்ற பாசன ஊழியர் வந்து ஒரு மதகின் ஷட்டரை இறக்கிப் பூட்டுவார், இன்னொன்றைத் திறப்பார். பூட்டிய மதகுக்குக் கீழே இருக்கும் வயலுக்கு ஒரு கேடும் வந்துவிடவில்லை. மண் அதே மண், கால்வாயும் தூர்ந்துபோகவில்லை. முறை இல்லை, அதனால் தண்ணீர் இல்லை. காமா மரபணுவின் நிலைமையை இதைவிடத் தெளிவாக எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அந்த லஸ்கரின் வேலையை நம் உடம்பில் பார்ப்பதுதான் பிசிஎல்11ஏ.

இப்போது அக்கா மகனுக்கு வருகிறேன். அவனுடைய பீட்டா மரபணு இரண்டு பிரதியிலும் பழுது. இந்தியாவில் அதிகம் காணப்படும் பழுதுதான்: மரபணுவில், புரதமாகாமல் வெட்டி எறியப்படும் முதல் இடைப்பகுதியில் ஐந்தாவது எழுத்து ஜி என்று இருக்க வேண்டியது சி என்று இருக்கிறது. ஒரே ஓர் எழுத்து. அதனால் மரபணுச் செய்தியை வெட்டி ஒட்டும் வேலை பெரும்பாலும் தப்பாகப் போகிறது, பீட்டா சங்கிலி மிகக் குறைவாகவே உருவாகிறது. வயிற்றுக்குள் இருந்தபோது இது யாருக்கும் தெரியாது. பீட்டாவின் தேவையே அப்போது இல்லை. காமா ஓடிக்கொண்டிருந்தது. பிறந்த பிறகும் சில மாதம் அது தாங்கியது. அம்மா கண்ட கோவைப்பழச் சிவப்பு, கருவில் இருந்தபோது கிடைத்த ரத்தத்தின் மிச்சம். ஐந்தாம் மாதம் ஒரு மதகு ஒழுங்காக மூடியது. திறக்க வேண்டிய மதகு திறக்கவில்லை.

அவனுடைய ரிப்போர்ட்டில் எச்பி எஃப் 92 சதவீதம் என்று இருந்ததைப் பார்த்து நானே குழம்பினேன். இவ்வளவு எஃப் இருந்தால் காமா நன்றாக ஓடுகிறது என்றுதானே அர்த்தம்? அப்படி இல்லை. அது இருக்கிற 5.1 கிராமில் 92 சதவீதம். பீட்டா வராததால் மிச்சம் இருப்பதெல்லாம் எஃப் ஆகத் தெரிகிறது. மொத்த அளவு உயிர் வாழப் போதாது. இதைவிடக் கொடுமை ஒன்று உண்டு. ஆல்ஃபா சங்கிலி வழக்கம்போல வந்துகொண்டே இருக்கும். ஜோடி சேர பீட்டாவும் இல்லை, காமாவும் போதவில்லை. தனித்துப்போன ஆல்ஃபா, அணுவுக்குள்ளேயே படிந்து அந்த அணுவையே கொல்லும். மஜ்ஜை மேலும் மேலும் அணுக்களை உண்டாக்கப் பார்க்கும், அவை மஜ்ஜையிலேயே சாகும். எலும்பு அகன்று முகம் மாறுவதும் மண்ணீரல் வீங்குவதும் இதனால்தான். அப்படிப் பார்த்தால் தலசீமியாவில் பாதிக் கேடு இல்லாத பீட்டாவால், பாதிக் கேடு துணையில்லாத ஆல்ஃபாவால். காமா கொஞ்சம் கூடினாலும் இரண்டு கேடும் ஒருசேரக் குறையும்.

கரு ஹீமோகுளோபினுக்குக் காக்கும் குணம் உண்டு என்பது புதிய சங்கதி இல்லை. 1948ல் நியூயார்க்கில் ஜேனட் வாட்சன் என்ற குழந்தை மருத்துவர், பீட்டா மரபணுவின் இன்னொரு பழுதால் வரும் அரிவாள் அணு நோயோடு பிறக்கும் சிசுக்களின் ரத்தத்தில் அரிவாளாக வளையும் அணுக்கள் மிகக் குறைவாக இருப்பதைக் கவனித்தார். கரு ஹீமோகுளோபின்தான் காக்கிறது என்று எழுதினார். இந்த மதகை மூடுவது யார் என்று கண்டுபிடிக்க அதற்கப்புறம் 60 வருஷம் ஆனது.

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இந்தக் கண்டுபிடிப்பு நடந்த விதம்தான். நோய் கடுமையாக இருப்பவர்களை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் விடை கிடைத்திருக்காது. நோய் இருந்தும் தப்பித்தவர்களைத் தேடிப் போனார்கள். வளர்ந்த பிறகும் கரு ஹீமோகுளோபின் கூடுதலாக இருக்கும் மனிதர்கள் எல்லா ஊரிலும் கொஞ்சம் பேர் உண்டு. அவர்களுக்கு அதனால் ஒரு தொந்தரவும் இல்லை. இத்தாலியின் சார்டீனியா தீவில் தலசீமியா அதிகம். அங்கே மற்றவர்களுக்கு இருந்த அதே பழுது இருந்தும் சிலருக்கு நோய் லேசாக இருந்தது. 2007ல் லண்டனில் ஸ்வீ லே தெய்ன் குழுவும், 2008ல் சார்டீனியா மக்களை ஆராய்ந்த குழுவும் ஆயிரக்கணக்கான பேரின் மரபணுத் தொகுதியை அலசி, வித்தியாசம் எங்கே இருக்கிறது என்று பார்த்தார்கள். விரல் வைத்த இடங்களில் ஒன்று 2ஆம் குரோமோசோமில் இருந்தது. ஹீமோகுளோபினோடு எந்தத் தொடர்பும் இல்லை என்று எல்லாரும் நினைத்திருந்த ஒரு மரபணு. அதன் பெயரிலேயே வேறு நோய்தான் இருக்கிறது: பி-செல் ரத்தப் புற்றுநோய்களில் இடம் மாறிக் கிடந்த மரபணு என்று 2001 வாக்கில் பெயர் வாங்கியது அது.

2008ல் பாஸ்டனில் ஸ்டூவர்ட் ஆர்க்கினின் ஆய்வகத்தில் விஜய் சங்கரன் என்ற மாணவர் அந்தப் புரதத்தைச் சிவப்பணு மூலச்செல்களில் குறைத்துப் பார்த்தார். காமா எழுந்துவிட்டது. 2011ல் அதே ஆய்வகத்தில் அரிவாள் அணு நோய் உள்ள எலிகளின் சிவப்பணு வரிசையிலிருந்து அந்த மரபணுவை எடுத்தார்கள். எலிகளின் நோய் சரியானது. ஒரே ஒரு புரதத்தை எடுத்ததற்கே இவ்வளவு பலன்.

இது டிஎன்ஏவைப் பிடிப்பது எப்படி என்பதையும் சொல்லிவிடுகிறேன். 835 அமினோ அமிலங்கள் கோத்த புரதம் இது. அதில் துத்தநாக அணுவை மையமாக வைத்து மடிந்த, விரல் போன்ற பகுதிகள் சில உண்டு. அந்த விரல்கள் டிஎன்ஏவைத் தடவிக்கொண்டே போய், டி-ஜி-ஏ-சி-சி-ஏ என்ற ஆறெழுத்தைக் கண்டால் பற்றிக்கொள்ளும். காமா மரபணு தொடங்கும் இடத்துக்கு 115 எழுத்துக்கு முன்னால் அந்த ஆறெழுத்து இருக்கிறது. அங்கே உட்கார்ந்து, மரபணுவை இறுக்கிச் சுருட்டும் வேறு புரதக் கூட்டத்தையும் அழைத்துக்கொள்ளும். 2018ல் இது உறுதியானபோது ஒரு பழைய புதிரும் அவிழ்ந்தது. சில கிரேக்கக் குடும்பங்களில் தலைமுறை தலைமுறையாகக் கரு ஹீமோகுளோபின் குறையாமல் இருந்தது. அவர்களிடம் 117ஆம் இடத்தில் ஒரே ஓர் எழுத்து மாறியிருக்கிறது என்று முன்பே தெரியும், காரணம் தெரியாது. அந்த எழுத்து இந்தப் புரதம் பிடிக்கும் இடத்துக்குள் வருகிறது. மதகில் பூட்டு மாட்டும் கொண்டி தேய்ந்துபோன மாதிரி.

சரி, அப்படியானால் இந்தப் புரதத்தை ஒரேயடியாக ஒழித்துவிட வேண்டியதுதானே என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. பெற்றவர்களுக்கு இது தோன்றாமல் இருக்காது. ஆனால் இது சிவப்பணுவில் மட்டும் வேலை செய்யும் ஆள் இல்லை. மூளை வளர்ச்சிக்கு வேண்டும். நோய் எதிர்ப்புக்கான பி-அணுக்கள் உருவாகவும் இது வேண்டும். ரத்த மூலச்செல்கள் நலமாக இருக்கவும் வேண்டும். இந்த மரபணுவை முழுதாக எடுத்த எலிக்குஞ்சுகள் பிறந்ததும் செத்துவிடுகின்றன. மனிதர்களிலும் இரண்டு பிரதியில் ஒன்று பிறவியிலேயே கெட்டுப்போன சில குழந்தைகள் உண்டு. டயஸ்-லோகன் நோய்க்குறி என்று பெயர். அவர்களுக்குக் கரு ஹீமோகுளோபின் கூடுதலாக இருக்கும், ஆனால் பேச்சும் அறிவு வளர்ச்சியும் பின்தங்கும். மறுபக்கம், இந்தப் புரதம் அளவு மீறிப்போனால் சில ரத்தப் புற்றுநோய்களிலும் ஒருவகை மார்பகப் புற்றுநோயிலும் அதன் கை இருக்கிறது. குறைந்தாலும் கேடு, கூடினாலும் கேடு. இதை வில்லன் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அக்கா மகனின் உடம்பில் அது தன் வேலையைத்தான் பிசகாமல் செய்தது. எழுத்துப் பிழை வேறொரு மரபணுவில்.

அப்புறம் வழி கிடைத்தது எப்படி? 2013ல் அதே பாஸ்டன் குழுவில் டேனியல் பாவரும் மற்றவர்களும் ஒன்றைக் கண்டார்கள். மூளையில் இந்தப் புரதத்தை உற்பத்தி செய்ய ஒரு சுவிட்ச், சிவப்பணுவில் உற்பத்தி செய்ய வேறொரு சுவிட்ச். மரபணு ஒன்றுதான், அதை எழுப்பும் பகுதிகள் வேறு வேறு. சிவப்பணுவுக்கான பகுதி அந்த மரபணுவின் இரண்டாம் இடைப்பகுதிக்குள் உட்கார்ந்திருக்கிறது. முதலில் லண்டன், சார்டீனியா ஆய்வுகள் விரல் வைத்த எழுத்து மாற்றங்களும் இதே பகுதியில்தான் இருந்தன. அங்கே காட்டா1 என்ற இன்னொரு புரதம் வந்து உட்காரும் ஒரு சின்ன இடத்தைக் கெடுத்துவிட்டால் போதும். சிவப்பணுவில் மட்டும் பிசிஎல்11ஏ குறையும். மூளையில் அது பாட்டுக்கு இருக்கும்.

அதைத்தான், டிஎன்ஏவை வேண்டிய இடத்தில் வெட்டும் கிறிஸ்பர் கத்திரி கொண்டு செய்தார்கள். எமானுவெல் ஷார்பான்டியே, ஜெனிஃபர் டவுட்னா இருவருக்கும் 2020ல் நோபல் வாங்கிக் கொடுத்த அதே கருவி. நோயாளியின் ரத்த மூலச்செல்களை வெளியே எடுத்து, அந்தச் சின்ன இடத்தை வெட்டி, திரும்ப உடம்புக்குள் விடுவது. 2019ல் முதல் நோயாளிகளுக்குக் கொடுத்தார்கள். 2023 நவம்பரில் பிரிட்டன் அனுமதித்தது, டிசம்பரில் அரிவாள் அணு நோய்க்கும் 2024 ஜனவரியில் தலசீமியாவுக்கும் அமெரிக்கா அனுமதித்தது. காஸ்கெவி என்று பெயர். கிறிஸ்பரால் உண்டான சிகிச்சைகளில் உலகத்திலேயே முதலில் அனுமதி பெற்றது இதுதான். தலசீமியா ஆய்வில் போதுமான காலம் கண்காணிக்கப்பட்ட 35 பேரில் 32 பேருக்கு ஒரு வருஷத்துக்கு மேல் ரத்தம் ஏற்றத் தேவைப்படவில்லை.

அந்த 35ல் 32 என்ற எண்ணை வாசித்த இரவு நான் தூங்கவில்லை. அக்காவைக் கூப்பிட்டுச் சொல்லிவிடலாமா என்று போனைக் கையில் எடுத்தேன், வைத்துவிட்டேன். அப்போது விலை 22 லட்சம் டாலர். அன்றைய நம் கணக்கில் 18 கோடி ரூபாய்க்குப் பக்கம். அப்போது அனுமதியும் 12 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்குத்தான். திருத்திய செல்களை உள்ளே விடுவதற்கு முன் பழைய மஜ்ஜையைக் கடுமையான கீமோ மருந்தால் காலி செய்ய வேண்டும். அதனால் பின்னாளில் பிள்ளைப்பேறு இல்லாமல் போகவும் கூடும். மறுநாள் காலையில் சொன்னேன். அக்கா முழுசாகக் கேட்டுவிட்டு, "வழி ஒண்ணு இருக்குதுன்னு ஆயிப்போச்சில்ல தம்பி, வெலை எப்பவாச்சும் எறங்காமயா போகும்" என்றாள். அவள் அழவில்லை. நான்தான் அழுதேன்.

இன்றைக்கு நம் கைக்கு எட்டுகிற நிரந்தர வழி மஜ்ஜை மாற்று. வேலூர் சிஎம்சியில் முதல் மஜ்ஜை மாற்று 1986ல் ஒரு தலசீமியா குழந்தைக்குத்தான் நடந்தது. செலவு லட்சங்களில் வரும். கோல் இந்தியா நிறுவனத்தின் பால சேவா திட்டத்தில், தகுதியுள்ள குடும்பங்களுக்கு 10 லட்சம் வரை உதவி கிடைக்கிறது. இது தெரியாத குடும்பங்களை வார்டில் நிறையப் பார்க்கிறேன். ஆனால் திசுப் பொருத்தம் உள்ள கொடையாளர் வேண்டும். உடன்பிறந்தவருக்கு அந்தப் பொருத்தம் அமைய நாலில் ஒரு வாய்ப்பு. அக்காவுக்கு இரண்டாவது பெண் குழந்தை. அவள் வயிற்றில் இருக்கும்போது 11ஆம் வாரத்தில் நஞ்சுக்கொடியிலிருந்து மாதிரி எடுத்து மரபணுச் சோதனை செய்தோம். நோய் இல்லை, என்னைப் போலப் பழுதில் ஒரு பிரதி சுமப்பவள். பிறந்த பிறகு அண்ணனுக்குப் பொருந்துமா என்று பார்த்தோம். பொருந்தவில்லை.

என்னைப் போல என்று சொன்னேன் இல்லையா. அதையும் சொல்ல வேண்டும். மருமகனுக்கு ரிப்போர்ட் வந்த வாரம் அக்கா, மச்சான், நான் மூன்று பேரும் சோதித்துக்கொண்டோம். ஏ2 என்ற ஹீமோகுளோபின் வகை 3.5 சதவீதத்துக்கு மேல் இருந்தால் பீட்டா தலசீமியா மைனர், அதாவது ஒரு பிரதியில் மட்டும் பழுது, என்று பொருள். அக்காவுக்கு 5.4, மச்சானுக்கு 5.1, எனக்கு 5.3. ரத்த அணுக்களை எண்ணிச் சொல்லும் என்னுடைய பழைய சிபிசி ரிப்போர்ட்டுகளை எடுத்துப் பார்த்தேன். எச்பி 12.4, சிவப்பணு எண்ணிக்கை 61 லட்சம், அணுவின் சராசரி அளவான எம்சிவி 64. எம்சிவியை, மில்லியனில் சொன்ன அணு எண்ணிக்கையான 6.1ஆல் வகுத்தால் 10.5 வருகிறது. 13க்குக் கீழே வந்தால் இரும்புக் குறைவைவிட தலசீமியா மைனரைச் சந்தேகிக்க வேண்டும். 1973லேயே மென்ட்சர் என்பவர் சொன்ன கணக்கு இது. இரும்பு குறைந்தவர்களுக்கு அணு சிறுத்தால் எண்ணிக்கையும் குறையும். மைனர்களுக்கு அணு சிறுக்கும், எண்ணிக்கை ஏறும். வருஷக்கணக்காக என் கையிலேயே இருந்த காகிதம். 'இரும்புச்சத்து கம்மி' என்று இரண்டு முறை மாத்திரை வாங்கித் தின்றிருக்கிறேன். அக்கா கல்யாணத்துக்கு முன்னால் நான் அதை ஒரு தடவை வகுத்துப் பார்த்திருந்தால் என்று நினைக்காத நாள் குறைவு.

அக்காவும் மச்சானும் சொந்தம். அப்பாவின் தங்கை மகன்தான் மச்சான். எங்கள் பக்கத்தில் ஒரே கூட்டத்துக்குள், அதாவது ஒரே குலத்துக்குள், பெண் எடுக்க மாட்டார்கள், எவ்வளவு தூரத்து ஊராக இருந்தாலும் அண்ணன் தங்கை முறை. அதில் எவ்வளவு கறாராக இருக்கிறோமோ அதே அளவு உறுதியோடு அத்தை மகனுக்கு உரிமை என்கிறோம். கூட்டம் அப்பன் வழியில் மட்டும் போகிறது. மரபணு அப்பன் வழி, அம்மா வழி இரண்டிலும் போகிறது. அப்பாவும் அத்தையும் ஒரே தாத்தாவின் பழுதை வாங்கியிருந்தால், கூட்டம் வேறு என்பது ஒரு தடுப்பும் ஆகாது. சொந்தத்துக்குள் கட்டாதவர்களுக்கு இது வராது என்றும் எண்ண வேண்டாம். இந்தியாவில் 100க்கு 3, 4 பேர் இந்தப் பழுதைச் சுமக்கிறார்கள் என்பது அரசுக் கணக்கு. வருஷத்துக்குப் பத்தாயிரத்துக்கு மேல் குழந்தைகள் மேஜராகப் பிறக்கின்றன. யாரோ இருவர் சேர்ந்தாலும் நடக்கலாம். இரண்டு மைனர்கள் சேர்ந்தால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் நாலில் ஒரு வாய்ப்பு.

மேற்கே மலைப்பக்கம் போனால் இதன் உடன்பிறப்பான அரிவாள் அணு நோய். இந்தியாவில் அது முதலில் கண்டறியப்பட்டதே நமக்குப் பக்கத்து நீலகிரியில்தான். 1952ல் லேமன், கட்புஷ் இருவரும் பழங்குடி மக்களிடம் கண்டு எழுதினார்கள். அட்டப்பாடி இருளர் ஊர்களிலும் உண்டு. மலேரியா ஆட்சி செய்த காடுகளில் ஒரு பிரதி சுமப்பவர்கள் காய்ச்சலில் சாகாமல் பிழைத்தார்கள், அதனால்தான் இந்தப் பழுது தலைமுறைகளுக்கு நிலைத்தது. ரத்தம் ஏற்றும் வார்டில் மலையிலிருந்து வந்த ஓர் அம்மாவை அறிவேன். வலி வரும்போது மகளைத் தூக்கிக்கொண்டு இரண்டு பஸ் மாறி வருவார். அந்தப் பெண்ணுக்கு ஹைட்ராக்சியூரியா மாத்திரை கொடுக்கிறார்கள். கரு ஹீமோகுளோபினைக் கொஞ்சம் கூட்டும் மாத்திரை அது. பூட்டை உடைக்காமல், ஷட்டருக்கு அடியில் கொஞ்சம் கசிய விடுகிற மாதிரி. அதைத் தொடங்கிய பிறகு வலி வருவது குறைந்திருக்கிறது என்று அந்த அம்மா சொன்னார். விலையும் நாம் தாங்கக்கூடியதுதான். அரிவாள் அணு நோய்க்கு 2023 ஜூலையில் மத்திய அரசு தேசிய இயக்கம் ஒன்றைத் தொடங்கி, பழங்குடிப் பகுதிகளில் 40 வயது வரை உள்ள 7 கோடி பேரைச் சோதிப்பது என்று இலக்கு வைத்தது. மலைக்குப் போகும் அந்தச் சோதனை சமவெளியில் நமக்கும் வேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

அதனால் எங்கள் சொந்தத்தில் நானே தொடங்கிவிட்டேன். ஜாதகம் பார்க்கப் போவதற்கு முன் பையன், பொண்ணு இரண்டு பேருக்கும் ஒரு சிபிசி. எம்சிவி 80க்குக் கீழே இருந்தால் எச்பிஎல்சி. முதலாவதுக்குச் சில நூறு ரூபாய், இரண்டாவதுக்கு ஆயிரத்தை ஒட்டி ஆகும். எங்கள் சீரில் ஒரு தட்டுப் பழத்துக்கு ஆகும் செலவு. முதலில் கோபித்துக்கொண்டார்கள். "நல்ல காரியம் பேசறப்ப நோயைப் பத்திப் பேசறியே" என்று பெரியப்பா ஆறு மாதம் என்னோடு பேசவில்லை. மைனர் என்று தெரிந்தால் பெண்ணுக்கு வரன் அமையாதே என்று ஒரு சித்தி அழுதார். அந்தப் பயம் நியாயமானது, அதைத் தள்ளிவிட்டுப் போக முடியாது. மைனர் என்பது நோய் இல்லை. என்னைப் போல வேலைக்குப் போய், உழைத்து, முழு ஆயுளும் வாழலாம். எதிரில் இருப்பவரும் இதுபோன்ற ஹீமோகுளோபின் பழுதைச் சுமக்காதவராக இருந்தால் போதும். இதைத் திரும்பத் திரும்ப, ஒவ்வொரு வீட்டிலும் உட்கார்ந்து சொன்னேன். என் மனைவிக்கு ஏ2 இயல்பான அளவு. எங்கள் பிள்ளைகளில் ஒருவன் மைனர், அதைச் சின்ன வயதிலேயே அவனுக்குச் சொல்லி வைத்திருக்கிறோம்.

ரத்தம் ஏற்றும் நாள் எப்படி இருக்கும் என்று கேட்டால், காலை ஏழு மணிக்கு அக்கா வீட்டில் கிளம்பினால் பொழுதோடுதான் திரும்ப முடியும். ஏற்றும் ரத்தம் அவனுக்கு ஒத்துப்போகுமா என்று பார்க்கும் குறுக்குப் பொருத்தத்துக்கு முந்தின நாளே மாதிரி கொடுத்திருப்போம். அரிசிம்பருப்புச் சாதம் தூக்குப்போசியில் வரும். ஏற்றுவதற்கு முன் எச்பி 9க்குக் கீழே போகாமல் பார்த்துக்கொள்கிறோம், போனால் அவன் பள்ளிக்கூடத்தில் விளையாடும்போது உட்கார்ந்துவிடுவான். ஏற்றும் ஒவ்வொரு யூனிட்டும் 200 மில்லிகிராமுக்கு மேல் இரும்பைக் கொண்டுவருகிறது. அதை வெளியேற்ற உடம்பில் வழி இல்லை. இதயத்திலும் ஈரலிலும் படியும். அதற்கென்று தினமும் டெஃபராசிராக்ஸ் மாத்திரை. கைக்குழந்தையாக இருந்தபோது இரும்பு வேண்டும் என்று சொட்டு மருந்து ஊற்றிய அதே அக்கா, இப்போது இரும்பை வெளியேற்ற மாத்திரை கரைத்துக் கொடுக்கிறாள்.

போன மாதம் வாய்க்காலில் தண்ணீர் விட்ட அன்று அவனைக் கூட்டிப்போனேன். லஸ்கர் ஷட்டர் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டிருந்தார். தண்ணீர் நுரைத்துக்கொண்டு உள்ளே போனதை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஏனுங் மாமா, எனக்குள்ள இருக்கறதையும் இப்பிடித் தொறக்கலாம்னு சொன்னீங்கல்ல?"

"ஆமாங் கண்ணு. தொறந்திருக்காங்க, வேற ஊர்ல."

"எத்தன பேருக்கு?"

முப்பத்திரண்டு என்றேன். இன்னும் சிகிச்சை எடுத்துக்கொண்டே இருப்பவர்கள் வேறு என்றேன். அவன் விரலை மடக்கி எதையோ கணக்குப் பார்த்தான். பன்னிரண்டு வயதுக்கு இன்னும் எத்தனை வருஷம் என்று பார்த்திருப்பானோ என்று எனக்குத் தோன்றியது, கேட்கவில்லை. வெயில் ஏறிவிட்டது என்று கூட்டிக்கொண்டு வந்துவிட்டேன். வரும் வியாழக்கிழமை அடுத்த ரத்தம். ஓ பாசிட்டிவ், ஒரு யூனிட் சொல்லி வைத்திருக்கிறோம்.